கிளிப்பச்சை

பழைய மரச்சாமானில் பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் தேக்கு இருக்கும் என்ற நம்பிக்கை இன்றைக்கு எல்லாரிடமும் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். கதவு, தூண், பெட்டி, தொட்டில் என்று சாய்த்து வைத்திருக்கும் அந்தக் கடைகளில் பாதிச் சாமான் பெயின்ட் கழன்று, மெழுகு தேய்த்த பளபளப்போடு நிற்கும். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு அது. நூறு வருஷம் ஆனாலும் ரேகை மங்காத மரம். அதைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் தங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பலகையையும் அதே கண்ணால் பார்க்கிறார்கள். மரத்துக்குப் பெயின்ட் அடித்தது யாரோ செய்த அநியாயம் போலவும், அதைச் சுரண்டி எடுப்பது விமோசனம் போலவும் ஒரு பேச்சு.

எனக்கு அந்தப் பேச்சு வலிக்கும். பெயின்ட் அடித்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து கொஞ்ச தூரம்தான். அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் நடுவே உள்ள நடையில் ஒரு வலை பீரோ நின்றது. மேல்பாதி இரும்பு வலை அடித்த கதவு, கீழ்ப்பாதி பலகைக் கதவு. மேலே பால், தயிர், நெய், ராத்திரி மிஞ்சிய குழம்பு. கீழே அப்பளம், வடகம், ஊறுகாய் ஜாடி. எறும்பு ஏறாமல் இருக்க நாலு காலும் நாலு பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் நிற்கும். அந்தத் தண்ணீரை மாற்றுவது வீட்டில் இருக்கும் கடைசிப் பிள்ளையின் வேலை. ரொம்ப நாள் அது நான்தான். தரையோடு உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு பீரோ ஆகாசம் வரைக்கும் பச்சையாக நிற்கும். கிளிப்பச்சை. இன்றைக்கும் அந்த வீட்டை நினைத்தால் ஆட்களுக்கு முன்னால் அந்த நிறம்தான் வந்து நிற்கிறது.

மார்கழிக் கடைசியில் சுவருக்கெல்லாம் நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்து முடித்ததும் அப்பா கடைத்தெருவில் ஒரு டின் எனாமல் வாங்கி வருவார். டின்னில் நெற்றியில் முடி விழுந்த ஒரு பையன் பிரஷ்ஷும் வாளியுமாக நிற்பான். 1954-இல் ஆர்.கே. லக்ஷ்மண் ஏசியன் பெயின்ட்ஸுக்கு வரைந்து கொடுத்த 'கட்டு' என்கிற பையன் அவன்தான் என்பதெல்லாம் பின்னால் படித்தது. எங்களுக்கு அவன் பொங்கலுக்கு வருகிற விருந்தாளி. பெயின்ட் ஜன்னல் கம்பிக்கும் வாசல் கிராதிக்கும் என்று வாங்கியது. அடித்து மிஞ்சினால்தான் வலை பீரோவுக்கு. எந்த வருஷம் எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மிஞ்சியது போதாவிட்டால் அப்பா மண்ணெண்ணெய் விட்டு நீர்க்கச் செய்து, முன்பக்கத்துக்கு மட்டும் அடித்துவிட்டுப் பக்கவாட்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுவார்.

சாயங்காலம் அடித்தால் ஒரு தொல்லை உண்டு. அறுப்புக்கு நிற்கும் வயலிலிருந்து தத்துப்பூச்சிகள் விளக்கு வெளிச்சத்துக்குக் கூட்டமாக வரும். ஈரப் பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். அத்தை விசிறியை எடுத்துக்கொண்டு பீரோ முன்னால் உட்கார்ந்து காய்கிற வரைக்கும் வீசிக்கொண்டிருப்பாள். புழுங்கல் நெல் அவித்த வாசனையோடு எனாமல் வாசனையும் சேர்ந்து வந்தால் எங்களுக்கு அதுதான் தை பிறக்கப்போகிற அடையாளம்.

மரத்தை மறைக்க நினைத்து அடித்த பெயின்ட் இல்லை அது. அடுப்புப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, ஐப்பசி மழையின் ஈரம், செல்லு, கரையான் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பலகையை அடுத்த வருஷம் வரைக்கும் காப்பாற்றிக் கொடுக்க, கையில் காசு குறைந்த ஒரு குடும்பத்துக்குத் தெரிந்த வழி. இருக்கிற சாமானைப் புதிதாக்கிக் கும்பிட்டுக்கொள்கிற வழியும் அதுவே. பாலிஷ் எல்லாம் பண்ணையார் வீட்டு நாற்காலிக்கு.

அப்பா போனபிறகு அண்ணன் வீட்டைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டான். பிறகு விற்றாகிவிட்டது. பாத்திரங்கள் பங்கானது, ஊஞ்சல் பலகையை அக்கா எடுத்துக்கொண்டாள். வலை பீரோவை யாரும் கேட்கவில்லை என்பதால் அது நெல்மூட்டை ஏற்றிய லாரியில் தாம்பரத்துக்கு என் வீட்டுக்கு வந்தது. வந்தபோது அது பச்சையாக இல்லை. நடுவில் யாரோ சாக்லேட் நிறத்தில் ஒரு பூச்சு பூசியிருந்தார்கள். பார்த்ததும் வேறு யார் வீட்டுச் சாமானோ மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். கால்களின் அடியில் தண்ணீர் நின்ற தழும்பைப் பார்த்துத்தான் நம்பினேன்.

பிசுக்கைத் தேய்த்து எடுக்காமல் மேலே அடித்த பெயின்ட் நிற்காது. சாக்லேட் பூச்சு ஓரங்களில் உரிந்து, நகம் பட்டாலே செதில் செதிலாகக் கொட்டியது. பேரனுக்கு அப்போதுதான் பல் முளைக்கிற சமயம். பீரோவின் காலைப் பிடித்து எழுந்து நின்று, கதவு விளிம்பில் வாய் வைப்பான். மகள் அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் ஈயத்தைப் பற்றிச் சொன்னாள். அவள் சொன்னது அத்தனையும் சரி. இந்தியாவில் வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்து அமலானது 2017 நவம்பரில்தான். அதற்கு முன்னால் வாங்கிய எந்த எனாமலிலும் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். பெயின்ட் சீக்கிரம் காய வேண்டும் என்று கொஞ்சம் சேர்ப்பார்கள். நிறத்துக்காகச் சேர்ப்பதுதான் அதிகம்: பளிச்சென்ற மஞ்சளுக்கு லெட் குரோமேட், அதையே நீலத்தோடு கலந்தால் பளிச்சென்ற பச்சை. வெயிலில் வெளுக்காத, ஒரே கையில் மரத்தை மூடிவிடுகிற அந்தப் பச்சைக்கு அவ்வளவு உயிர் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஈயம் உடம்புக்குள் போனால் சுண்ணாம்புச்சத்து போலவே எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயச் செதிலுக்கு லேசான இனிப்பு உண்டு என்பதால் குழந்தை மறுபடி மறுபடி அதையே தேடும். இதைக் கேட்டபிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. பீரோவைத் தூக்கிப் போடு என்றார் மருமகன். பெயின்ட்டைத்தான் எடுக்க வேண்டும், பீரோவை இல்லை என்றேன். பேரனை வேலை முடியும்வரை சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினோம்.

முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆசாரி வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். பீரோவைச் சுற்றி வந்து, மூட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "மெஷின் போட்டுத் தேய்க்கக் கூடாதும்மா, தூசி வீடு பூரா போயிடும்" என்றார். ஈயத்தைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய அப்பா காலத்திலிருந்தே பழைய பெயின்ட்டை நனைத்துத்தான் சுரண்டுவார்களாம். ஹீட் கன் காட்டலாமா என்று கேட்டேன். சூடு எல்லை மீறினால் ஈயமே ஆவியாகும் என்று மகள் சொல்லியிருந்தாள். 600 டிகிரி செல்சியஸ் போல. அவர் வேறு காரணம் சொன்னார்: "மரம் கருகிடும், அப்புறம் அதையும் இழைச்சு எடுக்கணும், இருக்குற கனமும் போயிடும்." கடையில் விற்கும் பெயின்ட் ரிமூவர் டப்பாவையும் வேண்டாம் என்றுவிட்டார். பழைய ரகத்தில் இருக்கும் மெத்திலின் குளோரைடு உடம்புக்குள் போய் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில் வேலை செய்து செத்தவர்கள் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு அதை விற்கக்கூடாது என்று அமெரிக்காவில் 2019-இல் தடையே போட்டார்கள்.

கொல்லையில், தார்ப்பாய் விரித்து, பீரோவை மல்லாக்கப் படுக்கவைத்தோம். முகத்துக்கு நல்ல மாஸ்க், கைக்கு ரப்பர் உறை. முதலில் சாக்லேட் பூச்சு. தண்ணீர் தெளித்துத் தெளித்து பட்டி பார்க்கும் தகட்டை விளிம்பில் கொடுத்துத் தள்ளினால், அடியில் இருந்த பிசுக்கு காரணமாக அது பெரிய பெரிய ஏடாகக் கழன்று வந்தது. மத்தியானத்துக்குள் முன்பக்கம் முழுக்கப் போய்விட்டது.

அடியில் பச்சை.

நான் எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். ஆனாலும் கொல்லை வெயிலில் அந்தப் பச்சை முழுசாக வெளியே வந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இருட்டில் இருந்ததாலோ என்னவோ கொஞ்சமும் மங்கவில்லை. கைப்பிடியைச் சுற்றி அத்தையின் விரல்கள் தேய்த்த இடத்தில் மட்டும் வட்டமாக வெளுத்திருந்தது. மேல்சட்டத்தில் பிரஷ் போன திசை தெரிந்தது. அப்பா எப்போதும் இடமிருந்து வலமாக இழுத்து, கடைசியில் மணிக்கட்டைச் சுழற்றி எடுப்பார், அந்தச் சுழி அங்கே இருந்தது. பக்கத்தில் குனிந்து பார்த்தால் பெயின்ட்டுக்குள் அரிசிநொய் அளவுக்குச் சின்னச் சின்ன மேடுகள். ஒன்றைத் தகட்டின் நுனியால் கீறிப் பார்த்தேன். தத்துப்பூச்சி. சிறகு மடங்கியபடி அப்படியே இருந்தது. அந்தப் பூச்சி பறந்த வயலில் இப்போது மனைக்கட்டு போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள்.

"ஆசாரி, இன்னிக்கு இதோட நிறுத்திக்குவோம்" என்றேன். பொழுது இருக்கிறதே என்று அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் மறுபடி வந்தது சில நாள் கழித்துத்தான். அதுவரை நான் காலையும் மாலையும் கொல்லைப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்குப் போன் போட்டுப் பச்சை வந்துவிட்டது என்று சொன்னால், "பச்சையா? நீலம்ல அது" என்கிறான். நான் எட்டாவது படிக்கும்போதெல்லாம் நீலம்தான் என்று அடித்துச் சொன்னான். அதே வீட்டில், அதே நடையில், அதே பீரோவில் தயிர் எடுத்துத் தின்று வளர்ந்த இரண்டு பேருக்கு இரண்டு நிறம். எனக்கு அவனுடைய எட்டாவது வகுப்பு தெரியாது, நான் அப்போது பிறக்கவில்லை.

பச்சைக்கு மேல் தகட்டின் பாச்சா பலிக்கவில்லை. ஆசாரி சுண்ணாம்பையும் வாஷிங் சோடாவையும் சேர்த்துக் கூழாகக் குழைத்தார். இரண்டும் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகும். அது பெயின்ட்டில் உள்ள எண்ணெயைப் பிடித்துச் சோப்பாக மாற்றிவிடும். பெயின்ட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்த எண்ணெய்தான் என்பதால், அது சோப்பானதும் நிறம் பிடியில்லாமல் குழைந்துவிடும். முதலில் இரும்பு வலையைக் கழற்றி எடுத்தார், இல்லாவிட்டால் அதன் துத்தநாகப் பூச்சைக் கூழ் தின்றுவிடும். மூட்டுகளில் வச்சிரம் இருக்கிறதா என்று பார்த்தார். தோலும் எலும்பும் காய்ச்சிய வச்சிரப் பசை ஈரம் பட்டால் விட்டுப்போகும். பழைய சாமானை அப்படியே காஸ்டிக் தொட்டியில் முக்கி எடுக்கிறவர்கள் சாமானைப் பலகை பலகையாகத் திரும்ப வாங்குவது அதனால்தான். எங்கள் பீரோவில் பசையே இல்லை, எல்லாம் மூங்கில் ஆணி. "நல்ல கை இது" என்றார் ஆசாரி, பெயர் தெரியாத அந்த இன்னொரு ஆசாரியைப் பற்றி.

கூழைக் கனமாக அப்பி, காயாமல் இருக்க மேலே பாலிதீன் விரித்து மூடினோம். சில மணி நேரம் கழித்துத் தூக்கினால் பச்சை நுரைத்து வழிந்தது. மரத்தகட்டால் வழித்து வழித்துத் தாளில் சேர்த்தோம். ஓர் ஓரத்தில் கூழ் சரியாகப் பிடிக்காமல் பெயின்ட் கெட்டியாகவே பெயர்ந்து வந்தது. அந்தச் சில்லின் வெட்டுமுகத்தில் எல்லாப் பொங்கலும் இருந்தன. மேலே தடித்த பச்சை, அதற்குள்ளேயே மூன்று நான்கு பச்சைகள், ஒன்று கொஞ்சம் இளசு, ஒன்று கறுத்தது. அதன் கீழ் நூலிழை போல ஒரு மாம்பழ மஞ்சள். அத்தை கல்யாணத்துக்குப் பந்தல்காலுக்கு அடித்து மிஞ்சியதாக இருக்கும் என்று அக்கா சொல்கிறாள். அதற்கும் கீழே நீலம். அண்ணன் சொன்னது சரிதான். எல்லாவற்றுக்கும் அடியில் செங்காவி, பிறகு புகையும் எண்ணெயும் ஊறிய கறுப்பு, பிறகு மரம்.

என் கையால்தான் அதை வழித்து எடுத்தேன். வேறு ஆளிடம் விட மனமில்லை. பச்சையும் மஞ்சளும் நீலமும் கலங்கி சேற்று நிறமாகித் தாளில் விழுந்தன. குழந்தை வாய் வைக்கிற இடத்தில் அது இருக்கக்கூடாது, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சந்தேகம் இல்லாவிட்டாலும் அழுகை வரும்.

வழித்த எல்லாவற்றையும் இரட்டைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டினோம். கழுவிய தண்ணீரைக்கூடச் செடிக்கு விடாமல் தொட்டியில் வற்றவிட்டு, அடியில் நின்ற வண்டலையும் சேர்த்துக்கொண்டோம். ஊரில் என்றால் இதெல்லாம் போகிக்குப் போயிருக்கும். உடைந்த ஜன்னல் கதவு, பெயின்ட் உரிந்த பெஞ்சுக்கால், எல்லாவற்றையும் பழைய பாயோடு சேர்த்து எரித்துவிட்டுச் சுற்றி நின்று தப்பு அடித்த பிள்ளைகள் நாங்கள். அந்தப் புகையில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. பெயின்ட் அடித்த மரத்தைத் தயவுசெய்து யாரும் போகியில் போடாதீர்கள்.

மரத்தை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்துக் காரத்தை முறித்து, நிழலில் காயவைத்தபிறகு ஆசாரி கண்ணாடிச் சில்லால் ஓர் இடத்தை இழைத்தார். சுருள் சுருளாக, வெங்காயச் சருகைவிட மெல்லிசாக வந்தது. மகள் ஆவலோடு, "தேக்கா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். "பூவரசும்மா. காயக் காயக் கல்லு மாதிரி ஆவும்." மகளின் முகம் கொஞ்சம் வாடியது. எனக்கோ தேக்கு என்று சொல்லியிருந்தால்தான் ஏமாற்றமாக இருந்திருக்கும்.

தேக்கு எங்கள் ஊர் மரமே இல்லை. வாய்க்கால் கரை முழுக்க நின்றது பூவரசுதான். வேலிக்கு நட்ட போத்து தானே துளிர்த்து மரமாகிவிடும். காலையில் மஞ்சளாகப் பூத்துச் சாயங்காலம் சிவந்து உதிரும். இலையைச் சுருட்டி நுனியை நசுக்கினால் பீப்பி. மாவை இலைக்குள் வைத்து அவித்தால் கொழுக்கட்டைக்கு ஒரு வாசனை ஏறும், அது வேறு எந்த இலையிலும் வராது. வைரம் பாய்ந்த மரத்தை வெட்டிக் குளத்தில் பல மாதம் ஊறப்போடுவார்கள். ஊறி, காய்ந்து, அதற்கப்புறம்தான் ஆசாரி உளி வைப்பார். வண்டிக்கும் ஏருக்கும் கட்டிலுக்கும் அதுதான். இழைத்த பலகையில் ஊதா ஓடிய பழுப்பு, நடுவில் கறுப்பு வரி. அந்த நிறத்தைப் பிறந்ததிலிருந்து கூடவே வைத்திருந்தும் நான் பார்த்ததில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் வாய்க்கால் கரையில் மிச்சமிருந்த பெரிய மரங்களும் சாய்ந்துவிட்டன. பிறகு கரைக்கு சிமென்ட் போட்டார்கள். இப்போது போனால் கரை சுத்தமாக, வெயிலாக இருக்கிறது.

மேல்பூச்சுக்கு ஆசாரி அரக்கு பாலிஷ் போடலாம் என்றார். புரசிலும் இலந்தையிலும் அடையும் அரக்குப் பூச்சியின் பிசின் அது. பெரும்பாலும் ஜார்க்கண்டிலிருந்து வருகிறது. சருகாக இருப்பதை ஸ்பிரிட்டில் ராத்திரி ஊறவைத்து, பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கை காய்ந்ததும் அடுத்த கை. அந்தப் பொறுமை உள்ள பாலிஷ்காரர்கள் குறைந்துவிட்டார்கள், இப்போது எல்லாரும் ஸ்பிரே பிடித்து ஒரே நாளில் முடிக்கிறார்கள். ஆனால் அரக்குக்குச் சூடும் தண்ணீரும் ஆகாது, வெளுத்துவிடும். பால் பாத்திரம் வைக்கிற பீரோ என்பதால் வெளிப்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும் தேய்த்தோம். எண்ணெய் பட்டதும் பூவரசு சட்டென்று இருண்டு உள்ளிருந்து சிவந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் அழகு என்கிறார்கள். அழகுதான்.

எனக்கு அது போதவில்லை. பெயின்ட் கடைக்குப் போய் ஈயமில்லாத எனாமலில் கிளிப்பச்சை கேட்டேன். கடைக்காரப் பையன் அட்டையை விரித்துக் காட்டினான். பாசிப்பச்சை, புதினாப்பச்சை, கடல்பச்சை என்று விதவிதமாக எவ்வளவோ. எல்லாம் சோர்ந்த பச்சைகள். "அந்தப் பச்சை இப்ப யாரும் கேக்குறதில்லம்மா. வேணும்னா மெஷின்ல கலந்து தரேன்" என்றான். மஞ்சளைக் கூட்டு, இன்னும் கொஞ்சம் என்று பக்கத்தில் நின்று கலக்க வைத்தேன். அருகில் வந்தது, அதுவாக இல்லை.

வாங்கிக்கொண்டு வந்து பீரோவின் உள்தட்டுகளுக்கு நானே அடித்தேன். பேரன் திரும்பி வந்துவிட்டான். கதவைத் திறந்தால் பச்சை தெரியும் என்று கண்டுபிடித்திருக்கிறான், ஓயாமல் திறந்து மூடுகிறான். வருகிற தையில் மறுபடி ஒரு கை அடிக்கப் பாதி டின் மிச்சம் இருக்கிறது.